குறுக்கே வராத நாய்

அந்த நாய்க்கு ஆரம்பத்தில் நிறமே கிடையாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இடுப்பெலும்பு உடைந்து கிடந்தவர், பதறியடித்து ஓடிவந்த தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நாய் ஒண்ணு குறுக்க வந்துடுச்சுடா" என்றார். அவ்வளவுதான். மறுநாள் தங்கை வந்து அழுதபோது அது செவலை நாயாகிவிட்டது. அந்த வாரக் கடைசியில் வண்டிக்கார சிநேகிதர்கள் கூட்டமாக வந்து கட்டிலைச் சுற்றி நின்றபோது, நாய்க்குப் பின்னால் குட்டிகளும் ஓடிவந்தன.

"தாயும் குட்டியுமா வருதுடா. மனசு கேக்குமா? வண்டியை ஒடிச்சிட்டேன்."

"ஒரு வாயில்லா ஜீவனுக்காக இடுப்பையே கொடுத்திருக்கான் பாரு. மனுஷன்னா இவன் மனுஷன்" என்றார் ஒருத்தர். இன்னொருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மனைவி, புருவத்தில் போட்டிருந்த தையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவளும் அந்த வண்டியில்தான் வந்தாள். கண்ணைத் திறந்துகொண்டுதான் வந்தாள். அந்த ரோட்டில் நாயும் இல்லை, நரியும் இல்லை. மழை இருந்தது, வேகம் இருந்தது, மொட்டை டயர் இருந்தது. வேறெதுவும் இல்லை.

அவள் குஞ்சுப் பண்ணையில் வேலை பார்த்தவள். முட்டை பொரிந்து வெளியே வந்த குஞ்சுகளை அட்டைப் பெட்டியில் அடுக்கும் வேலை. மஞ்சள் பல்புகள் எரியும் சூடான நீள அறை. பஞ்சு மாதிரி குஞ்சுகளின் மெல்லிய தூவி பறந்து பறந்து கண்ணிமையில் ஒட்டும். காலையில் உள்ளே போனால், வெளியே வரும்போது காதுக்குள் கீச்கீச்சென்ற சத்தம் மட்டும் மிச்சமிருக்கும். அவள் அடுக்கிய பெட்டிகளை மலைமேல் இருக்கும் கோழிப் பண்ணைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் புருஷனின் சொந்த பிக்கப் வண்டி. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. பெரிய கியருக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு லீவர். அதைப் போட்டால் முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். சேறோ சகதியோ வண்டி சிக்காது.

அந்த லீவரை அவர் குதிரையின் கழுத்தைத் தட்டுவதுபோல் தட்டுவார். "இது இருக்கிற வரைக்கும் நமக்கு மழையும் வெயிலும் ஒண்ணுதான்" என்பார். மலைரோட்டில் அவர் மற்ற வண்டிகளை முந்திக்கொண்டு போகிற போக்கைப் பார்த்து, சிநேகிதர்கள் 'புயல்' என்று பேர் வைத்திருந்தார்கள். அந்தப் பேரில் அவருக்கு அத்தனை பெருமை. வண்டியின் பின்பக்கம் அதை எழுதவும் ஆசைப்பட்டார். அவள்தான் தடுத்தாள். புயலுக்குப் பின்னால் உட்கார்ந்து வரக் குஞ்சுகளுக்கு என்ன தலையெழுத்து?

விபத்து நடந்த அன்றைக்குப் பெட்டி இறக்குகிற ஆள் வரவில்லை. அதனால் அவளே கூடப் போனாள். குஞ்சுகளை மேலே இறக்கிவிட்டுத் திரும்புகிற வழி. வெகுநாள் காய்ந்து கிடந்த ரோட்டில் அப்போதுதான் முதல் மழை பிடித்தது. வருஷக்கணக்காகச் சிந்திய எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு கலந்து, ரோடு சோப்பு பூசினதுபோல் மினுங்கியது. பின்னால் ஒரு பாரமும் இல்லை. வெறும் வண்டி.

"கொஞ்சம் மெதுவா போங்களேன்."

"லீவரைப் போட்டிருக்கேன்ல. மலையே ஏறும் இது."

"நாம இப்போ இறங்கிட்டு இருக்கோம்."

அவர் சிரித்தார். வளைவு திரும்பியதும் முன்னால் போன பள்ளிக்கூட வேன் சிவப்பு விளக்கைப் போட்டு நின்றது. இவர் பிரேக்கை ஓங்கி மிதித்தார். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. பின்பக்கம் நழுவி, அவளுடைய பக்கமாகச் சுழன்று வந்தது. கண்ணாடி வழியாக அவர்கள் எந்த வழியில் வந்தார்களோ அந்த வழியே ஒரு நொடி எதிரில் தெரிந்தது. பிறகு சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவர். பிறகு அவர் போட்ட அலறல். பள்ளிக்கூட வேனின் மேல் மோதாமல் போனது யார் செய்த புண்ணியமோ.

இதுதான் நடந்தது. நாய் எங்கிருந்து வந்தது?

வலியில் முனகிக்கொண்டிருக்கும் மனுஷனை நாலு பேர் முன்னால் பொய்யன் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. எழுந்து உட்காரட்டும், அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, கட்டிலில் சாய்ந்து உட்காரத் தொடங்கியதும், தனியாக இருக்கும்போது கேட்டாள்.

"எந்த நாயிங்க?"

"நீ பாக்கலையா? இடது பக்கத்துல இருந்து வந்துச்சே."

"இடது பக்கம் நான்தானே உக்காந்திருந்தேன்?"

"நீ தூங்கியிருப்ப."

அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. மெதுவாகப் போகச் சொல்லி இவள் கெஞ்சியதும், இவர் சிரித்ததும், எல்லாம் தூக்கத்தில் கண்ட கனவா? பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழியைச் சுமக்கிற நாய் பிறக்கவே இல்லை. அதனிடம் போய் நியாயம் கேட்கவும் முடியாது.

நசுங்கின வண்டியைச் சரிசெய்து எடுக்கப் போனபோது, ஒர்க்‌ஷாப் மெக்கானிக் பழைய டயர்களை ஓரமாக அடுக்கி வைத்திருந்தார். "இதுல உங்க பேரை எழுதலாம்க்கா, அப்படி வழவழன்னு இருக்கு. தண்ணி போறதுக்குக் கோடு எங்க இருக்கு?" என்றார். அவள் குனிந்து விரலால் தடவிப் பார்த்தாள். குழந்தையின் கன்னம் மாதிரி இருந்தது. வீட்டில் வந்து சொன்னாள். "டயர் என்ன செய்யும், நாய் வந்தா?" என்றார் அவர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர், இப்போது பூசணிக்காயையே மறந்துவிட்டு அந்தச் சோற்றை நம்ப ஆரம்பித்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

வண்டி சரியாகிவிட்டது. ஓட்டுவதற்கு ஆளில்லை. கொழுந்தன் அப்போது ஒரு கம்பெனியில் வேலையில் இருந்தான். யாரையாவது ஓட்டுநராக வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது, "நான் ஓட்டுறேன்" என்றாள் அவள்.

வீடே சிரித்தது. "அண்ணி, அது மலைரோடு. ஸ்கூட்டர் இல்ல" என்றாள் நாத்தனார். "பார்த்து ஓட்டுங்க, மறுபடி நாய் வந்துடப் போகுது" என்றான் கொழுந்தன். அவன் கேலிக்குச் சொல்லவில்லை, அக்கறையோடு சொன்னான். அதனால் அவனைத் திட்டவும் முடியவில்லை.

ஓட்டுநர் பள்ளியில் கற்று, உரிமம் வாங்கி, அந்த வண்டியின் சாவியைக் கையில் எடுத்தாள். முதல் மழை வந்த அன்றைக்கு நேரே மலைக்குப் போகவில்லை. பண்ணைக்குப் பின்னால் லாரிகள் திரும்புவதற்கென்று விட்டிருந்த காலி சிமெண்ட் தளத்துக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள். ஒரு பழைய சாக்கை அடையாளத்துக்குப் போட்டுவிட்டு, நிதானமான வேகத்தில் வந்து, சாக்கைத் தாண்டியதும் பிரேக் மிதித்தாள். எங்கே போய் நிற்கிறது என்று இறங்கிப் பார்த்தாள். பிறகு அந்தக் குட்டி லீவரைப் போட்டுவிட்டு அதே மாதிரி வந்து மிதித்தாள். கிளம்பும்போது வித்தியாசம் தெரிந்தது. ஈரத்தில் சக்கரம் வீணாகச் சுற்றாமல் கப்பென்று பிடித்துக்கொண்டு வண்டி நகர்ந்தது. நிற்கும்போது இம்மி வித்தியாசமும் இல்லை. போட்டாலும் அங்கேதான் நின்றது, போடாவிட்டாலும் அங்கேதான் நின்றது. கொஞ்சம் வேகத்தைக் கூட்டினால் மட்டும் சாக்கு வெகுதூரம் பின்னால் போய்விட்டது.

மழையில் நனைந்துகொண்டு அந்தத் தளத்தின் நடுவில் நின்றாள். ஒரு சாக்கும் ஒரு மழையும் இருந்தால் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம். இத்தனை வருஷம் தட்டித்தட்டிக் கொஞ்சினாரே, ஒருநாள் இதைச் செய்து பார்த்தாரா? மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியவர், கூட அவளையும் அல்லவா ஏற்றிக்கொண்டு இறங்கினார்!

அதற்குப் பிறகு அவள் ஓட்டிய விதமே தனி. வளைவுக்குள் போய்ப் பிரேக் போடுவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை என்று, வளைவு வருவதற்கு முன்னால், நேரான ரோட்டிலேயே வேகத்தைக் குறைத்துக்கொள்வாள். முன்னால் போகிற வண்டிக்கும் தனக்கும் நடுவில் மழைநாளில் இன்னும் நாலு வண்டி நுழையலாம்போல் இடைவெளி விடுவாள். நிஜமாகவே நுழைவார்கள். நுழைந்தால் மறுபடி பின்தங்குவாள். குஞ்சுப் பெட்டிகளுக்குக் கனமே கிடையாது. பின்பக்கம் லேசாக இருந்தால் நழுவும் என்பதால், பின்சக்கரங்களுக்கு நேர்மேலே மணல் மூட்டைகளை வைத்து, புரளாதபடி கயிறு போட்டுக் கட்டினாள்.

"மண்ணை மேலுக்கும் கீழுக்கும் சுமந்துட்டுத் திரியிறா" என்று புருஷன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். பண்ணையில் பெட்டி ஏற்றுகிறவர்கள் 'பிரேக்கக்கா' என்று பேர் வைத்தார்கள். அவள் காதுபடவே கூப்பிட்டார்கள். கூப்பிடட்டும் என்று விட்டுவிட்டாள். பேர் வைக்கிறவர்கள் யாரும் பின்னால் உட்கார்ந்து வருவதில்லை.

பண்ணை மேனேஜருக்கு மட்டும் பொறுக்கவில்லை. "மத்த நாள்ல சரிம்மா. மழைன்னா ஏன் இவ்வளவு லேட்டு? நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதானே?"

"இழுக்கும் சார். நிறுத்தாது."

"அதுக்காக ஊர்ந்து போறதா?"

"ஒரு குஞ்சு செத்துச்சா சார் இதுவரைக்கும்?"

அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் மேலே ஒருத்தர் இருந்து விரட்டிக்கொண்டிருந்திருப்பார். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தாலும் ஆத்திரம் குறையவில்லை.

அவளும் ஒருதடவை மாட்டிக்கொண்டாள். அடிவாரத்துக்குப் போகும் நேர் ரோடு. பார்வைக்கு நல்ல ரோடுதான், ஆனால் ஓரிடத்தில் தண்ணீர் தேங்கி ரோட்டின் நிறத்தோடு நிறமாகக் கிடந்ததை அவள் கவனிக்கவில்லை. சக்கரம் அதில் ஏறியதும் ஸ்டியரிங் கையில் பஞ்சாகிவிட்டது. திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் ஒன்றுதான் என்பதுபோல் ஒரு லேசு. வண்டி ரோட்டில் இல்லை, தண்ணீர்மேல் மிதக்கிறது. கால் தானாகப் பிரேக்குக்குத் தாவியது. தாவிய காலைப் பாதியில் நிறுத்தினாள். ஆக்சிலரேட்டரை மட்டும் விட்டுவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டி தானாக வேகம் குறைந்து, டயர் தண்ணீரைத் தாண்டி ரோட்டைத் தொட்டது. கையில் மறுபடி கனம் வந்தது.

ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். வந்தது பயம் இல்லை, அழுகையும் இல்லை. கோபம். பொங்கிப் பொங்கி வந்த கோபம். இவ்வளவுதானா? பதறாமல் காலை எடுத்தால் போதுமா? வேகம் குறைவாக இருந்து, டயர் நல்லதாக இருந்து, காலை மெல்ல எடுத்திருந்தால், அவர் இடுப்பு உடைந்திருக்காது, அவள் புருவம் கிழிந்திருக்காது. இந்தச் சின்ன விஷயத்தை வீட்டில் ஒருத்தரும் பேசவில்லை. எல்லாரும் நாயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். குஞ்சுகள் பின்னால் கீச்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தன. முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

அடுத்த மழைக்காலத்துக்குள் புருஷன் கைத்தடியோடு நடக்கத் தொடங்கிவிட்டார். கொழுந்தனும் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து, "அண்ணி, வண்டியை நான் பாத்துக்குறேனே" என்று அவ்வப்போது கேட்டுக்கொண்டிருந்தான். அவள் பிடி கொடுக்கவில்லை. அந்தச் சமயம் பார்த்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது. தலையைத் தூக்க முடியாத காய்ச்சல். அன்றைக்குக் குஞ்சு ஏற்ற வேண்டிய நாள். குஞ்சு காத்திருக்காது.

"நான் போறேன் அண்ணி. அண்ணனும் கூட வர்றாரு. அவருக்குத் தெரியாத ரோடா?"

அவள் போர்வைக்குள்ளிருந்து சொன்னாள்: "தம்பி, மழை புடிக்கும்போல இருக்கு. மெதுவா போங்க. அந்த மணல் மூட்டையை எடுக்காதீங்க."

"சரிண்ணி."

அவர்கள் வாசலில் நின்று பேசுவது காதில் விழுந்தது. புருஷன் குரல்: "அந்த மண்ணை முதல்ல தள்ளிவிடு. இன்னும் ரெண்டு வரிசை பெட்டி வைக்கலாம்." மூட்டைகள் தொப்பு தொப்பென்று தரையில் விழுந்தன. எழுந்து போய்த் தடுக்க வேண்டும் என்று நினைத்தாள். எழுந்து உட்கார்ந்தபோது சுவர் சுற்றியது. இன்ஜின் சத்தம் தெருமுனை தாண்டிப் போய்விட்டது.

மத்தியானம் செய்தி வந்தது. அடிவாரத்துக்கு முன்னால் இருக்கும் பள்ளிக்கூட வளைவில் வண்டி நழுவி, சுற்றி, ஓரமாக நின்ற ஒரு மனுஷனை அடித்துத் தள்ளிவிட்டுப் பள்ளத்தில் இறங்கியிருக்கிறது. அண்ணன் தம்பிக்குச் சின்னச் சிராய்ப்புதான். அடிபட்டவர் அந்தப் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன். வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். வலது கை ரெண்டு இடத்தில் முறிந்து, தோள்பட்டையும் இறங்கிவிட்டது. குஞ்சுப் பெட்டிகள் பள்ளத்துத் தண்ணீரில் கவிழ்ந்தன. எத்தனை பிழைத்தன என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அந்தக் கீச்சொலியை நினைத்துச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை வாட்ச்மேனின் மனைவி வந்தாள். கூட அவளுடைய அண்ணன். சண்டைக்கு வந்தவள் மாதிரி இல்லை. இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்த கண். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்டேஷன்ல என்னமோ எங்க வீட்டுக்காரர் நடு ரோட்டுல வந்தாருன்னு சொல்லியிருக்கீங்களாம். அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்."

கொழுந்தன் தொண்டையைக் கனைத்தான். "அக்கா, வேணும்னு யாராவது செய்வாங்களா? நாய் ஒண்ணு குறுக்க வந்துச்சு. ஒடிச்சேன். அவரும் கொஞ்சம் நடுவுல வந்துட்டாரு. என்ன செய்யிறது?"

"அவரு ஓரமாத்தாங்க இருந்தாரு. உங்க வண்டி வர்ற வேகத்தைப் பாத்து இறங்கி, சைக்கிளைச் சுவரோரமா சாச்சுப் புடிச்சுட்டு நின்னாராம். நாய் எதையும் அவரு பாக்கலையாம்."

"மழையில அவருக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார் புருஷன். "நாய் வந்தது நிஜம். நான் பக்கத்துலதான் இருந்தேன்."

உள் அறையில் படுத்திருந்தவள் எழுந்தாள். போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டு, நிலைப்படியைப் பிடித்தபடி வந்து நின்றாள். முகம் காய்ச்சலில் சிவந்திருந்தது. கொழுந்தனை மட்டும் பார்த்தாள்.

"என்ன நிறம் தம்பி?"

"என்னது அண்ணி?"

"அந்த நாய். என்ன நிறம்?"

அவன் அண்ணனைப் பார்த்தான். "செ... செவலை."

"குட்டி இருந்துச்சா?"

வாட்ச்மேனின் மனைவி ஒவ்வொருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீ உள்ள போ" என்றார் புருஷன்.

"போறேன். சொல்லிட்டுப் போறேன்." அவள் குரல் உடைந்து, பிறகு ஏறியது. "நாய் இல்ல! இந்த வீட்டு வண்டிக்குக் குறுக்க எப்பவுமே நாய் வந்தது இல்ல. அன்னைக்கும் வரல, நேத்தும் வரல. அன்னைக்கு நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். கண்ணு முழிச்சுட்டுத்தான் இருந்தேன். மெதுவா போங்கன்னேன், சிரிச்சாரு. மழையில வேகமா போயி, மொட்டை டயரை வச்சுட்டு, பிரேக்கை ஒரே மிதியா மிதிச்சு, இடுப்பை உடைச்சுக்கிட்டாரு. வெக்கமா இருந்துச்சு, நாய்னு சொன்னாரு. போகட்டும், வலியில சொல்றாருன்னு நான் வாயை மூடிட்டு இருந்தேன். அதைக் கேட்டுத்தான் நீயும் கெட்டுட்ட. வேகமா போனா தப்பில்ல, நாய் வந்தாத்தான் தப்புன்னு நம்பிட்ட. மூட்டையைத் தள்ளிவிட்டுட்டு, வெறும் பஞ்சை ஏத்திக்கிட்டு, வளைவுல ஆடியிருக்க. ஓரமா நின்னவரு கை போச்சு. அவரையும் இப்போ நடு ரோட்டுக்கு இழுத்துட்டு வந்து நிறுத்துறீங்களா? உங்களுக்கு மனசாட்சி இருக்கா?"

இத்தனை வருஷமாக 'நீங்க' என்று கூப்பிட்ட தம்பியை அவள் 'நீ' என்று கூப்பிட்டது அப்போதுதான். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இவங்க முன்னாடி..." என்று பல்லைக் கடித்தார் புருஷன்.

"இவங்க முன்னாடிதான் சொல்லணும். வேற யாருக்கு முன்னாடி சொல்றது?"

வாட்ச்மேனின் மனைவி எழுந்தாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. "ஸ்டேஷன்ல இதையே வந்து சொல்லுவீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"சொல்றேன். இவங்களும் சொல்லுவாங்க."

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நன்றாக இல்லை. நாத்தனார் போனில் அழுதாள்: "புருஷன் மானத்தை நடு வீட்டுல வச்சு வாங்கிட்டீங்களே அண்ணி. ஊரே எங்க அண்ணனைப் பாத்துச் சிரிக்குது."

"மானம் பெருசா, அந்த மனுஷன் கை பெருசா?"

"நாய்னே இருந்துட்டுப் போயிருந்தா யாருக்கு என்ன நட்டம்?"

அவள் போனை வைத்துவிட்டாள். அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே, யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கிறார்கள். காட்டிக்கொடுத்தவள் என்ற பேரும் வந்தது. பிரேக்கக்கா எவ்வளவோ மேல்.

பண்ணைக்காரர்கள் அந்த நடையை வேறு வேனுக்குக் கொடுத்துவிட்டார்கள். மேனேஜர் போனில், "உங்க மேல குறை இல்லம்மா. ஆனா உங்க வண்டி..." என்று இழுத்தார். இத்தனை மழையில் ஒரு குஞ்சு சாகாமல் கொண்டுபோய்ச் சேர்த்ததற்குக் கிடைத்த மரியாதை இது. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம். அவள் ஒன்றும் கெஞ்சவில்லை. "சரி சார்" என்று வைத்துவிட்டு, பள்ளத்திலிருந்து தூக்கிச் சரிசெய்து கொண்டுவந்திருந்த வண்டியின் சாவியைச் சுவர் ஆணியிலிருந்து எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு அது ஆணிக்குத் திரும்பவில்லை.

கொழுந்தன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், வேகமாக வந்தேன் என்று ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தான். அவனுடைய உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். புருஷன் அவளோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தானே எடுத்துக்கொண்டுபோய்த் தனியாகச் சாப்பிட்டார். அவளும் கெஞ்சவில்லை. அவளுக்கு ஆறவில்லை.

ஒருநாள் சாயங்காலம் வாட்ச்மேனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். வண்டிக் கதவைத் திறந்தால், இடதுபக்க இருக்கையில் கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். அவள் ஏறி வண்டியை எடுத்தாள்.

வார்டில் வாட்ச்மேன் கையில் கட்டோடு சாய்ந்திருந்தார். புருஷன் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். கைத்தடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"நாய் எதுவும் வரலைங்க" என்றார் கடைசியில்.

"அது எனக்குத் தெரியும்ங்க" என்றார் வாட்ச்மேன். "நான்தான் அங்க நின்னேனே."

அதில் கோபம் இல்லை. அதுவே அடி மாதிரி விழுந்தது. வாட்ச்மேனுக்கு வேறு கவலை. பள்ளிக்கூடத்து இரும்புக் கேட் கனமானது, இந்தக் கையால் தள்ள முடியுமா, முடியாவிட்டால் வேலை இருக்குமா என்று மனைவியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். கை கூடி வர வெகுநாள் ஆனது. கேட்டை இன்றைக்கும் அவர் இடதுகையால்தான் தள்ளுகிறார்.

திரும்பி வரும்போது வண்டியில் அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "இதைச் சொல்றதுக்கு இன்னொருத்தர் கை உடையணுமா?"

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "பயமா இருந்துச்சு."

"எதுக்கு?"

"புயல் புயல்னு கூப்பிட்டுட்டு இருந்தானுங்க. அவனுங்க என்ன நினைப்பானுங்கன்னு..."

"நான் என்ன நினைப்பேன்னு தோணலையா? ரத்தம் வழிய உங்க பக்கத்துல கிடந்தவ நான். என்னைத் தூங்கிட்டு இருந்தேன்னீங்களே!"

அவர் மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் உடனே கொடுத்திருப்பாளா என்பது சந்தேகம்தான்.

இப்போது அவள் ஒரு நாற்றுப் பண்ணைக்கு வண்டி ஓட்டுகிறாள். மரக்கன்றுகள், மண் நிரப்பின தொட்டிகள். அதே மலைரோடு. சில நாள் அவரும் கூட வருகிறார். ஏற்ற இறக்க முடியாது, இருந்தாலும் வருகிறார்.

போன வாரம் நல்ல மழை. இறக்கத்தில் அவள் விளக்கைப் போட்டுக்கொண்டு தன் நிதானத்தில் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு பெரிய புது வண்டி, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான், ஒட்டிக்கொண்டு வந்து ஹாரனை விடாமல் அடித்தது. இடம் கிடைத்த இடத்தில் அவள் ஓரம் கட்டி வழி விட்டாள். அது தண்ணீரை இவர்கள் கண்ணாடியில் வாரியடித்துவிட்டு முந்திக்கொண்டு போனது.

"டேய்! யாரு வீட்டுல எழவுன்னுடா இப்படிப் போற? முன்னாடி வளைவு இருக்குடா, அறிவு இருக்கா உனக்கு?" என்று கத்தினார் புருஷன். கண்ணாடியை இறக்கி, மழைக்குள் பாதி உடம்பை வெளியே நீட்டி, கைத்தடியை ஆட்டி ஆட்டிக் கத்தினார். அந்த வண்டி எப்போதோ வளைவைத் தாண்டிவிட்டது. அவர் நிறுத்தவில்லை.

"தலையை உள்ள இழுங்க முதல்ல" என்றாள் அவள். "உங்களை வச்சுக்கிட்டு வண்டி ஓட்டுறதா, உங்களைப் புடிச்சுக்கிறதா?"

அவர் நனைந்த தலையோடு உள்ளே வந்து, கண்ணாடியை ஏற்றி, பெல்ட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார். இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவள் துடைப்பானின் வேகத்தைக் கூட்டிவிட்டு, வளைவுக்கு வெகுமுன்னாலேயே கியரைக் குறைத்தாள்.